ஒன்பதுக்கு ஆறு

பூப்போட்ட வாயில் ஒன்றை உருவினால்
பதினோரு துணி தலையில் விழும்.
கருங்கல் சந்தையில் மத்தி குவிப்பவர்கள்கூட
என்னைவிட ஒழுங்கு.

போனில் பார்த்தேன், துணி சுற்றும் பலகைகள்,
வெள்ளை, வழுவழுப்பு,
ஒன்று நாற்பத்தைந்து ரூபாய். கூரியர் வேறு.
லைனிங் இல்லாத பிளவுஸுக்கு நூற்றைம்பது வாங்குகிறவள் நான்.
மனசுக்குள் நாடா பிடித்துப் பார்த்தேன்.
சுருட்டி வைத்தேன்.

பிரிட்ஜ் கடை எடிசன் சொன்னார்:
"ஆக்கர்காரன் கிலோ எட்டு ரூபா தாறான்."
காசு வேண்டாம், வீட்டுக்காரிக்கு
ரெண்டு சேலைக்கு ஃபால்ஸ் அடித்துத் தந்தால் போதும் என்று
நாலு பெட்டி எடுத்துவிட்டார்.
ஆட்டோவில் ஏறவில்லை.
தலையில் வைத்து நடந்தேன்,
ஆனிக் காற்று என்னையும் சேர்த்து
பாலூர் பக்கம் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தது.

துணிக் கத்தரியை அட்டையில் வைக்க மாட்டேன்,
உயிர் போனாலும்.
மழையென்று வெட்டுக்குப் போகாமல் கிடந்தவரின்
பால்கத்தியை எடுத்தேன்.
மரத்தைச் சுற்றியே பழகிய கத்தி,
நேராகப் போகத் தெரியாது.
உடைந்த ஆக்சா பிளேடைக் கல்லில் தீட்டி
ஒரு முனைக்குத் துணி சுற்றியபின்தான்
காரியம் நடந்தது.

ஒன்பதுக்கு ஆறு.
மூன்றாவது பலகை சுற்றும்போதே வளைந்தது.
அப்போதுதான் கவனித்தேன்,
அட்டைக்கும் நேரிழை உண்டு, குறுக்கிழை உண்டு.
உள்ளே ஓடும் வரி நின்றபடி இருக்க வேண்டும்.
இருபது வருசம் துணியில் பார்த்ததை
அட்டையில் பார்க்க மறந்துபோனேன், சவம்.

இருபத்திரண்டு முடித்தேன்.
நாலு நாள் விடாத மழை.
எல்லாம் சாயாவில் முக்கிய ரஸ்க் மாதிரி
ஊதிப்போய் நின்றன.

மறுபடி வெட்டினேன். இந்த முறை
எதிர்வீட்டுக் கல்யாண பிளக்ஸைக் கேட்டு வாங்கி,
படம் உள்பக்கம் போகும்படி மடித்து ஒட்டினேன்.
ஒரு பலகைக்குள் மாப்பிள்ளையின் காது,
ஒன்றில் வாழ்த்தும் நண்பர்களின் கூலிங்கிளாஸ் மட்டும்,
ஒன்றில் "இல்லத் திரும" வரை.
அவர்கள் மேல் காட்டனைச் சுற்றினேன், கிரேப்பைச் சுற்றினேன்,
குண்டூசியால் ஓரம் குத்தினேன்.

மூலையின் அடியில், கடைசியாக,
பிஸ்தாப் பச்சைப் பட்டு.
எண்பது சென்டிமீட்டர்.
என் கையெழுத்தில் சீட்டு:
ரெக்ஸ்லின், கை ஆறு, கழுத்து ஏழரை.

தின்றுவிட்டாய் என்றாள் அன்றைக்கு,
கடை வாசலில் நாலுபேர் கேட்க.
இல்லை என்று குருசடி முன்னால்
கைநீட்டிச் சத்தியம் செய்தேன்.
இரண்டு வருசமாக அவள் தைக்கக் கொடுப்பது மார்த்தாண்டத்தில்.
நன்மை வாங்கும்போதும்
நான் நிற்கும் வரிசைக்கு வருவதில்லை.

பிளக்ஸ் தீர்ந்துவிட்டது.
மீந்த ஒரு பலகையில்
பெட்டிக்காரன் அச்சடித்த கண்ணாடி டம்ளர்,
மேல்நோக்கி இரண்டு அம்பு.
பட்டை அதில் சுற்றினேன்,
டம்ளர் மறையும்வரை.
மடிப்பு விழுந்த இடம் தேய்த்தாலும் போகாது.
அவளுக்கு அளவும் மாறியிருக்கும்.
பக்கத்தில் ஒன்றரை இஞ்சு விட்டால் சரியாகும்.
சத்தியத்துக்கு எவ்வளவு விடுவது?

சீட்டின் அடியில் இருந்த நம்பருக்கு அடித்தேன்.
"யாரு?" என்றாள்.
அலமாரியைப் பார்த்தேன்.
நாற்பத்தொரு முதுகு, நிமிர்ந்து.
எதை உருவினாலும் எதுவும் விழாது.

"நான்தான். மேபலின்.
துணி இங்கதான் இருந்திருக்கு."

அந்தப் பக்கம்
மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.
அவள் நிறுத்தவில்லை,
போனை வைக்கவும் இல்லை.