ஆறாவது இலக்கம்

பெரியமேட்டில் மழை பெய்தால்
மூன்றாம் மாடிவரை தோல் வாசனை ஏறும்.
அங்கே உட்கார்ந்து நான்
நானூற்றுப் பன்னிரண்டு மாடுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடல் கடந்த சட்டம் ஒன்று கேட்கிறது:
இந்தத் தோலைப் போர்த்தியிருந்த உயிர்
எந்த நிலத்தில் நின்றது?
அட்சரேகை, தீர்க்கரேகை,
புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம்.
ஆறாவது இலக்கம் என்றால்
ஒரு குளம்பு ஊன்றும் அகலம்.

ஈரோட்டுத் தரகர் சென்னிமலையைப் போனில் பிடித்தேன்.
"சந்தையில வாங்குனதுங்க."
அதுக்கு முன்னாடி?
"இன்னொரு சந்தை."
அதுக்கும் முன்னாடி?
அவர் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக் கடந்தது.
"காதுல மஞ்சத் தோடு இருந்துச்சுங்க, நம்பரோட.
காதைத்தான் அறுத்து எறிஞ்சாச்சே."

ஜன்னலுக்குக் கீழே
ஒரு பசு சுவரொட்டி தின்கிறது,
பசை காயாத இடமாகப் பார்த்து.
அதன் மேய்ச்சல் நிலத்தை
எந்தக் கோடு போட்டு மூட?

கிடைத்த ஒரே புள்ளி கமுதிப் பக்கம்.
போட்டதும் திரை சிவந்தது.
காடு இருந்ததாம், அழித்துவிட்டார்களாம்.
விசாரித்தேன். சீமைக்கருவேலம்.
பொக்லைன் வைத்துப் பிடுங்கி
மிளகாய் போட்டிருக்கிறார் ராக்கம்மா என்பவர்.
வானத்திலிருந்து பார்த்தால் பச்சை என்றால் பச்சை.

இம்தாதுல்லா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சரக்கு ராட்டர்டாமில் இறங்காதும்மா.
வேற புள்ளி ஒண்ணு போடேன், தரிசாப் பார்த்து."
கெட்ட மனிதர் இல்லை.
பல்லாவரத்தில் எழுபது பேருக்கு
சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும்.

சட்டத்தைத் திட்டலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை.
இருபது வருடமாகத் தோல் கணக்கு எழுதுகிறேன்:
சதுர அடி, தடிமன், சாயம், உண்ணி கடித்த தழும்பு.
இது எங்கே நின்றது என்று
நானும் ஒருநாள் கேட்டதில்லை.

சும்மா என் வீட்டைத் தட்டிப் பார்த்தேன்.
பெரும்பாக்கம், ஏழாவது பிளாக்.
பழைய படத்தில் அங்கே நீலம்.
நீலத்தில் சில வெள்ளைப் புள்ளிகள்,
பெரிதாக்கினால் உடைந்துபோகின்றன.
கொக்குகளாக இருக்கலாம்.
சட்டென்று மூடிவிட்டேன்,
யாரோ பார்ப்பதுபோல.

ஆறரை மணி.
கமுதிப் புள்ளியை அப்படியே வைத்து
குறிப்பு என்ற கட்டத்தில்
சீமைக்கருவேலம் என்று தட்டினேன்.
அப்படியொரு எழுத்தே தெரியாது என்கிறது படிவம்.
கீழே பசு அடுத்த சுவருக்குப் போய்விட்டது.
மறுபடி தட்டுகிறேன்.