பதினேழுக்கு உள்ளே

பத்துக்கு எத்தனை போடுவீங்க அக்கா,
உங்க வாழ்க்கைத் தரத்துக்கு?
பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கேட்கிறாள் ஷிபானா.
திருவாரூர் மருத்துவக் கல்லூரி, மனநலப் பிரிவு.
காலை மாத்திரை போடாமல் வந்து
ரத்தம் கொடுத்த இடத்தில்
பஞ்சை அழுத்தியபடி யோசிக்கிறேன்.

எண் போடுவதுதான் எனக்கு உத்தியோகம்.
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
குவியலுக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துக்
கருவியில் கொட்டினால் அது சொல்லும்:
பதினெட்டரை. இருபத்தொன்று.
பதினேழு வரைக்கும் எடுப்போம்.
மற்றதற்கு, காயப்போட்டுக் கொண்டாங்க என்பேன்,
புரட்டாசி வானத்தை நிமிர்ந்து பார்க்காமல்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு குறுவையில்
தூக்கமே தேவைப்படாத ஆறாவது நாள்
எல்லா நெல்லும் காய்ந்துவிட்டது.
எனக்கு அப்படித்தான் தெரிந்தது.
கருவி இருபத்துமூன்று என்றது,
நான் பதினாறு என்று எழுதினேன்.
பொதுரகத்தையெல்லாம் சன்னரகம் ஆக்கினேன்.
விடிய விடியச் சாக்கு தைத்தார்கள்.
மகராசி என்றார்கள்.
அந்த இரவைப்போல் அழகாய் இன்னொன்று
எனக்கு வாய்க்கவில்லை.
இதை டாக்டரிடம் சொன்னதில்லை.
விசாரணைக் கடிதம் வந்தபோது நான்
கொரடாச்சேரிக் கடைவீதியில்
ஒரே பச்சையில் பதினாறு சேலை எடுத்திருந்தேன்.

அப்புறம் தை, மாசி.
பல் துலக்கும் பிரஷ் காய்ந்தே கிடந்தது
(ஈரப்பதம் பூஜ்யம், தாராளமாக எடுக்கலாம்).
பையன் பள்ளிக்கூடம் கிளம்பும்போது
கதவோரம் நின்று அம்மா என்பான்.
ம் என்று சொல்லத்
தாடையைத் தூக்க வேண்டும்.
அவன் போய் ரொம்ப நேரம் கழித்துச் சொல்வேன்.

இப்போது லித்தியம்.
புள்ளி ஏழு, சில மாதம் புள்ளி எட்டு.
கை நடுங்கி எட்டு மூன்றாகிவிடுவதால்
பதிவேட்டில் எண்ணோடு எழுத்திலும் எழுதுகிறேன்.
பாட்டிலில் தண்ணீர் இல்லாமல் பஸ் ஏறுவதில்லை.
வெட்டாறே கூட வந்தாலும் தீராத தாகம்.
இதெல்லாம் கஷ்டமில்லை.

கஷ்டம், நான் வாய்விட்டுச் சிரித்தால்
ராத்திரி தூங்குனியா என்று ரத்தினம் கேட்பது.
சினிமா பார்த்து அழுதால்
தீப்பெட்டி தேடுகிறவர்போல் அலமாரியைத் திறந்து
மாத்திரை அட்டையின் ஓட்டைகளை எண்ணுவது.
அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்,
அந்தப் பதினாறு சேலைக்கும் வட்டி கட்டியவர்.
ஆனாலும் என் சிரிப்பு
அவர் கருவிக்குள் போய்வந்த பிறகுதான்
என்னிடம் வருகிறது.

நேற்று ஒன்று நடந்தது.
தார்ப்பாய்க்கு அடியில் முளைகட்டிய நெல்லைக் கொண்டுவந்து
மூட்டைக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறே என்றான் ஒருத்தன்.
எழுந்தேன். நாற்காலி சாய்ந்தது.
என் குரல் ரோட்டு வரைக்கும் போனது எனக்கே கேட்டது.
எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள்.
இனி யாராவது கேட்கப்போகிறார்கள்,
அக்கா, மாத்திரை போட்டீங்களா என்று.
அன்றைக்கு விடிய விடியத் தைத்தவர்களில் ஒருவர்
சிங்காரவேலு. எல்லாம் தெரிந்தவர்.
கோணூசியை வாயிலிருந்து எடுத்துச் சொன்னார்:
அவங்க கோவம் நியாயந்தானய்யா.
நெல்லு ஈரம். போய்க் கிளறிப் போடு.

அவ்வளவுதான்.
என் கோபம் வெறும் கோபமாக
என் பெயரிலேயே பதிவானது.
அதற்கப்புறம் குடித்த டீ
எப்படி இருந்தது தெரியுமா.

இதற்கு எத்தனை போடுவது?
நீங்க எத்தனை வரைக்கும் எடுப்பீங்க
என்கிறேன் ஷிபானாவிடம்.
புரியாமல் பார்த்து, பிறகு சிரிக்கிறாள்.
நானும் சிரிக்கிறேன். சத்தமாகத்தான்.
வெளியே பெஞ்சில் ரத்தினம் நிமிர்கிறார்,
கண்ணாடி வழியே என்னைப் பார்க்கிறார்.
நான் அடக்கவில்லை.
அவர் கையிலிருக்கும் பேப்பரில்
அடுத்த பக்கத்தைத் திருப்புகிறார்.