புள்ளி நான்கு

சோஹாரில் இரவு ஏழரைக்கு
ஆண்கள் வார்டை எடை போடுகிறோம்.
தானே எழுந்து நடப்பவர் ஒன்று.
கைத்தாங்கல் கேட்பவர் இரண்டு.
புரட்டிப் படுக்கவைக்க வேண்டியவர் மூன்று.
மூச்சுக்குக் காவல் நிற்க வேண்டியவர் நான்கு.

இருபத்தெட்டுக் கட்டிலையும் கூட்டிக் கழித்துக்
கணினி சொல்கிறது:
இன்றிரவுக்கு ஆறு புள்ளி நான்கு நர்சுகள் தேவை.

இருப்பது நான், மரிசெல், ஷைனி,
பேறுகால விடுப்பு முடிந்து நேற்றுத் திரும்பி
பால் கட்டிய மாரோடு ஊசி ஏற்றுகிற மைமூனா.

முழு ஆட்கள் வராவிட்டால் போகிறது.
எனக்கு அந்தப் புள்ளி நான்கின் மேல்தான் ஆசை.
ஒரு கையும் ஒரு காதும் போதும் அவளுக்கு.
ஸ்டூலில் உட்கார்ந்திருக்கட்டும், பாவம்.

போன மாதம் மஸ்கட்டிலிருந்து
ஸ்டாப்வாட்சோடு ஒருவர் வந்தார்.
என் நிழலுக்கு இடைஞ்சலில்லாமல் பின்னாலேயே நடந்தார்.
மருந்து ஏற்ற நான்கு நிமிடம்.
விரிப்பு மாற்றப் பதினொன்று.
தூக்கம் வராத ஒன்பதாம் கட்டிலோடு
அரைகுறை அரபியில் நான் பேசிக்கொண்டிருந்ததை
'இடைவேளை' என்று குறித்துக்கொண்டார்.
கதை அளக்கிறேனாம்.
அளந்ததுதான், அதை எந்தப் படியால் என்று அவர் கேட்கவில்லை.

மூன்று பத்துக்குப்
படியளப்பவன் நிறுத்திக்கொண்டான் பதினொன்றாம் கட்டிலுக்கு.
ஜொய்னால், பூச்சுவேலைக்காரர்,
நகக்கண்ணில் இன்னும் சிமெண்ட்.

பெயரை எடுத்தேன்.
திரை ஒருகணம் யோசித்தது:
தேவை ஐந்து புள்ளி ஒன்பது.
எங்கள் பற்றாக்குறை அரை ஆள் குறைந்துவிட்டது.

இறந்தவருக்கு மதிப்பெண் இல்லை.
குழாய்களை உருவினோம். துடைத்தோம்.
தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி,
பெயர்ச்சீட்டை இரண்டு முறை சரிபார்த்து
நானும் மரிசெலும் ஐம்பது நிமிடம்.
அந்த ஐம்பதில் பதினேழாம் கட்டில்
மூன்று தரம் மணி அடித்து
நான்காம் தரம் அடிக்காமல் நனைத்துக்கொண்டது.

அலமாரியில் அவர் போன் அதிர்ந்தது.
அங்கே விடிந்திருக்கும்.
தொழுகை முடித்து யாரோ கூப்பிடுகிறார்கள்.
செய்தி சொல்வது டாக்டர் வேலை,
கம்பெனி வேலை, தூதரக வேலை.
எடுக்க எனக்கு அனுமதியில்லை, பாஷையுமில்லை,
கையுறையில் ஈரம்.

இவளே,
ஆறுக்கு அப்புறம் நிற்கிறவளே,
இதை மட்டுமாவது வந்து எடு.

ஐந்தரைக்குப் புது ஆள் ஏறி வந்தார் அதே கட்டிலுக்கு.
மூன்று என்றேன்.
'நான்கு போடு' என்றாள் மரிசெல்.
அலமாரியைக் காலி செய்கையில் பார்த்தேன்:
ஆறு தவறிய அழைப்புகள்,
சார்ஜ் நான்கு சதவீதம்.