கீழிருந்து இரண்டாம் தட்டு

செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்கால்.
ஆறாம் வரிசையில் ஒரு தேன் போத்தல் உடைந்தது.
மேல் தட்டிலிருந்து வழிந்து
உப்புப் பெட்டிகளின் தலையில் ஒட்டியது.
நடந்தது அவ்வளவுதான்.

உப்பை எல்லாம் இறக்கித் தள்ளுவண்டியில் வைத்தேன்.
அயோடின் சேர்த்தது, சேர்க்காதது, கல்லுப்பு,
நூற்றுப் பதினெட்டுப் பெட்டி.
எண்ணுவது என் வேலை.
வெந்நீரில் துணியைப் பிழிந்து துடைத்துக்கொண்டிருக்கக்
கமராவோடு இரண்டு பேர் வந்தார்கள்.
சுரங்கத்தில் வேலைநிறுத்தமாம்,
மேலாளரிடம் முதலே கேட்டிருந்தார்களாம்.
ஒருவன் எனக்குக் காலை வணக்கம் சொன்னான்.
நல்ல பிள்ளை. சப்பாத்தில் தேன் படாமல்
சுற்றி நடந்தான்.
உப்புப் பெறாத விஷயம் என்றுதான்
அன்றைக்கு வீட்டுக்குப் போனேன்.

இரவு எட்டு மணிச் செய்தியில்
வீதியில் தூவும் உப்பு குறையலாம் என்றார்கள்.
'வீதியில் தூவும்.'
அந்தச் சொல் ஒருதரம் வந்தது, போயிற்று.
பிறகு என் தட்டு வந்தது
ஈரத்தில் மினுங்கிக்கொண்டு.
இவ்வளவு வடிவான வெறுமையை
நான் அதில் கண்டதேயில்லை.
மூன்று விநாடி.
ஓரத்தில் என் கை: நாலு விரல், ஒரு மோதிரம்.
துணியை வெட்டிவிட்டிருந்தார்கள்.
பார்க்கிறவருக்கு அது
கடைசிப் பெட்டியைத் தடவித் தேடுகிற கை.

புதன், கடை திறக்க முன்னமே
கண்ணாடிக்கு வெளியே நாற்பது பேர்.
ஹைல்ப்ரோன் நகரத்தின் அடியில்
இருநூறு மீட்டர் ஆழத்தில் உப்புக் கிடக்கிறது.
பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.
உப்பின் மேல் படுத்து உப்பின் மேல் எழும்புகிற சனம்
உப்புக்கு வரிசையில் நின்றது.

ஃப்ராவ் ப்ஃலைடரரிடம் சொன்னேன்,
"தேன் உடைந்தது. நான்தான் துடைத்தேன்.
அது என் கை, இதோ மோதிரம்."
அவ மோதிரத்தைப் பார்த்தா.
மிகவும் அன்பாகச் சிரித்தா.
"வெளியே சொல்லக்கூடாது என்றிருப்பார்கள், பாவம்" என்றா.
ஏழு பெட்டி எடுத்தா.
அவவுக்கு இரத்த அழுத்தம்;
பத்து வருடமாய் உப்பில்லாத ரொட்டிதான் வாங்குவா.

பதினொரு மணிக்குத் தட்டு காலி.
மத்தியானம் தவயோகன் அழைத்தார்.
"எங்களுக்கும் கொஞ்சம் எடுத்து வையப்பா."
"அது நான் துடைச்ச தட்டு. நேற்றே சொன்னனான்."
"சொன்னனீர்தான். ஆனா டிவில காட்டினவங்கள்."
பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் படுத்தவருக்கு
என் வாய்
மூன்று விநாடிக்கு ஈடாகவில்லை.

பின்னேரம் அதே இரண்டு பேர் வந்து
தட்டைத் திரும்பவும் படம் பிடித்தார்கள்.
இப்போது அது உண்மை.

சிரிக்கலாம். நானும் சிரித்தேன்.
ஆனால் வியாழன் லொறி வந்து
முதல் கட்டைப் பிரித்தபோது
நாலு பெட்டி என் பைக்குள் போனது.
காசு கட்டித்தான்.
கிடங்கில் எவ்வளவு இருக்கிறதென்று
ஊரிலேயே எனக்குத்தான் தெரியும்.
தெரிந்தவளுக்கு வந்த பயம் வேறு:
மற்றவர்களுக்குத் தெரியாதே என்ற பயம்.
எண்ணிப் பழகிய கை, ஈரத்துணி பிடித்த அதே கை,
எடுத்துக்கொண்டது.

அடுத்த வெள்ளி வேலைநிறுத்தம் முடிந்தது.
வானிலைக்குக் கொஞ்சம் முன்பு சொன்னார்கள்,
படமில்லாமல்.
இப்போது வேலைக்குப் போகும்போது
மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன்,
ஏனென்று கேட்காதீர்கள்.

நாலு பெட்டியும் கழுவும் தொட்டியின் கீழே
ஈரம் ஏறிக் கட்டிபட்டுப் போயின.
ஜனவரியில் படிக்கட்டு உறைந்த காலை
தவயோகன் ஒன்றை எடுத்துக் கத்தியால் குத்தி
வாசலில் கொட்டினார்.
பனி சிறு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.
'வீதியில் தூவும்' என்று அவர்கள் சொன்ன சொல்
அன்றைக்குத்தான்
எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.