ஐந்தாவது கட்டம்

சீனக்குடா ஸ்டேஷனில் பிடித்தார்களாம்,
கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில்.
பிஸ்கட் தகரம். மேலே ஒரு வரிசை கருவாடு,
கீழே பழைய பேப்பரில் சுற்றி
நாற்பத்தொரு கூடுகள்.
பெயரில் மட்டும் சீனம் உள்ள ஊரோடு
அவற்றின் பயணம் முடிந்தது.

வழக்குப் பொருள் அறையில் எனக்குப் பதினேழு வருடம்.
கசிப்புக் கான், களவுபோன சைக்கிள்,
வெடிவைத்துப் பிடித்த மீன்
(மணக்கமுன் நீதவான் பார்த்துவிட வேண்டும்),
எதுவானாலும் துண்டு கட்டி
ஐந்து கட்டம் நிரப்புவேன்.
ஐந்தாவது: பெறுமதி.

"துப்பல்தானே," என்றார்
வனசீவராசிகள் அலுவலர் ஹேமசிறி
தனக்குத் தெரிந்த தமிழில்.
"உழவாரன் துப்பித் துப்பிக் கட்டுறது."

எச்சில்.
எங்கள் வீட்டில் ஒருவர் வாய்வைத்த தம்ளரை
மற்றவர் கழுவாமல் தொடமாட்டோம்.

நீதிமன்றத் தராசு மூட்டை நிறுப்பது.
என்.சி. வீதி நகைக்கடைக்காரர்,
எச்சிற்கையால் காகம் விரட்டாத மனிதர்,
தன் தராசை இரவல் தந்தார்.
வாடகை கேட்கவில்லை.
விலை கேட்டார்.

முதற்கூடு எட்டுக் கிராம்.
சரியாக ஒரு பவுண்.

கிண்ணியா ஜெஸீமாவுக்குப் போன் எடுத்தேன்.
சிங்கப்பூரில் ஒரு கடையின் பின்னறையில்
ஆறு வருடம் இருந்தவ.

"வெள்ளைக் கூடெண்டாத்தான் காசு.
நம்மட நாட்டுக் கூட்டுல பாசி, புல்லு, இறகு.
தரம் குறைவு.
தண்ணியில ஊறப்போட்டு
இடுக்கியால ஒவ்வொரு இறகாப் புடுங்கணும்.
சுபஹுக்குக் குந்தினா அஸருக்கு மூணு கூடு.
கண் பூத்துப் போகும்."

ருசி?

"ருசியா? ஒண்டுமில்ல.
கற்கண்டு போட்டா கற்கண்டு ருசி."

அப்ப ஏன் இந்த விலை?

கொஞ்சநேரம் அங்கே மீன்காரனின் ஹோர்ன் மட்டும்.
"ஏறுறவன் விழுறதாலதான். பிறகு
நான் புடுங்கின இறகும் விலையில இருக்கும்.
எனக்குத் தந்த கணக்கு வேற.
ரெண்டு கூட்டையும் களவு குடுத்தா
மூணாவதுக்கு ரெத்தம் துப்புமெண்டு சொல்லி
சிவப்புக் கூட்டை இன்னும் கூட்டி விப்பாங்க.
பொய். அது குகைச் சுவத்துட நிறம்."

பிறகு, போனை வைக்கப் போனவள்:
"ஆனா மூணாவது கட்டும்.
அது பொய்யில்ல."

எதிரி ஜெறின், வயது இருபத்திரண்டு.
இரண்டு விரலில் நகமில்லை, கயிறு தின்றது.
எந்தக் குகை என்பது அறிக்கையில் இருக்கிறது,
அங்கேயே இருக்கட்டும்.
கைவிலங்கோடு தகரத்தை எட்டிப் பார்த்து
மெதுவாகக் கேட்டான்:
"உண்மையா சேர், இதைக் குடிக்கிறவையா?"

இருபத்து மூன்றாம் கூட்டில்
அரை முட்டையோடு ஒன்று ஒட்டிக்கொண்டு இருந்தது.
சேர்த்து நிறுப்பதா, கழிப்பதா?
கேட்க ஆளில்லை. ஹேமசிறி
தேத்தண்ணிக்குப் போயிருந்தார்.
வாசலில் கோட்டை மான் ஒன்று
யாரோ எறிந்த வாழைப்பழத் தோலை
விலை விசாரிக்காமல் தின்றது.

ஐந்தாவது கட்டத்தில்
பென்சிலால் ஒரு தொகை எழுதினேன்.
அழித்தேன். இன்னொன்று எழுதினேன்.
அழித்த இடத்தில் கடதாசி மெலிந்து
மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

நாலரை மணி.
பசைப் போத்தல் காய்ந்துபோய்க் கிடந்தது.
உறையின் விளிம்பை
நாக்கால் ஒருமுறை தடவினேன், போதவில்லை,
இன்னொருமுறை.
இரண்டு விரலால் அழுத்தி
ஒட்டும்வரை
சுவரோடு சாய்ந்து நின்றேன்.