ஒரு ஸ்பூன்

நேதாஜி மார்க்கெட்டில் கீரைக்காரி கேட்டாள்,
"இன்னிக்கும் நீங்கதானா?"
எப்சிபாவுக்கு நைட் ஷிப்ட் முடிந்து
இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள்.

வாணலியில் எண்ணெய், அவள் விதித்த அளவு:
ஒரு ஸ்பூன்.
கத்தரிக்காய்க்கு அது பத்தாது.
கத்தரிக்காய்க்கே தெரியும்.

"மறுபடியும் இதுவா?" என்றான் ஜோயல்,
வாய்ப்பாட்டிலிருந்து தலை தூக்காமல்.

இலவம்பாடிக் காய். காம்பெல்லாம் முள்.
நாலாய்க் கீறி உப்புத் தண்ணீரில் போடும்போது
கட்டைவிரலில் ஏறியது.
ஒரு பொட்டு ரத்தம்.

என் 'ஸ்ஸ்' கேட்டு எழுந்து வந்தாள்,
அவிழ்ந்த கொண்டையோடு.
பஞ்சு தேடுகிறாள் என்றிருந்தேன்.
சுகர் மிஷினை எடுத்தாள்.
"வீணாக்காதீங்க."

நூற்று முப்பத்தெட்டு.
போன மாதம் இருநூற்றுப் பத்து.

ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாவது ஸ்பூனை
அவளே ஊற்றினாள்.