நாலு என்று சொன்னால்

ரப்பர் தடி, பதினோரு டன்.
கீரிப்பாறையில் சீட்டு எழுதிக் கையெழுத்தாகும்போது
மூன்றரை மணி. மழை தொடங்கிவிட்டது.
புது வண்டியில் எனக்கு ஒன்பதாம் நாள்.

கிளட்ச் இல்லை.
இருபத்திரண்டு வருடம் உழைத்த இடது கால்
வேலை போனவனைப் போல மேட்டில் கிடக்கிறது.
வளைவு வந்தால் மட்டும் பழைய நினைப்பில்
காற்றை ஒரு மிதி மிதிக்கும்.

ஓசூரிலிருந்து வந்த கம்பெனிப் பையன் சொன்னான்:
'டி-யில் போட்டால் அது பார்த்துக்கும் அண்ணா,
எம்-மில் போட்டால் நீங்க.'
அந்த 'நீங்க' பாதிதான் உண்மை.

நாலு என்று நான் தட்டினால்
நாலில் நிற்கும் என்றுதானே நினைப்பேன்?
அதற்கு நாலு என்றால்
நாலுக்கு மேலே போகமாட்டேன், அவ்வளவுதான்.
ஏற்றத்தில் மூச்சு முட்டினால்
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மூன்றாகும், இரண்டாகும்.
கேட்டில் நிறுத்தினால் ஒன்றில் போய்க் குந்தியிருக்கும்.

முந்தாநாள் எம்-மிலேயே மறந்துவிட்டேன்.
தக்கலை தாண்டி நல்ல ரோடு,
இஞ்சின் கத்துகிறது, முள் சிவப்பை உரசுகிறது,
ப்ளஸ் தட்டாமல் ஐந்து தராதாம்.
வில்லுக்குறி சாயாக் கடையிலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்து
'எலே, வண்டிக்கு வயித்துவலியா?' என்றான்.

ஏசுவடியானின் வண்டி வேறு கம்பெனி.
அதில் நாலு என்றால் நாலே.
ஆனால் முள் சிவப்புக்குப் போனால்
கேட்காமலே ஐந்துக்குத் தாவிவிடும்.
தடிக்காரன்கோணத்தில் அரைமணி நேரம் சண்டை போட்டோம்,
எந்த எம் நல்ல எம் என்று.
சாயா ஆறியதுதான் மிச்சம்.

இன்றைக்கு இறக்கத்தில் சோம்பல், டி-யிலேயே விட்டேன்.
நான் காலை எடுத்தால் அதற்கு
அவசரமில்லை என்று அர்த்தம்.
அஞ்சு. ஆறு. சுகமாக ஏறிக்கொண்டே போனது.
முதுகில் பதினோரு டன் தள்ளுவதை
வேகம் என்று எடுத்துக்கொண்டது.
இரண்டாம் வளைவில் பிரேக் வாடை,
மழையிலும் மூக்கில் ஏறுகிற வாடை.

எம். மைனஸ்.
பீப்.
மைனஸ், மைனஸ்.
பீப், பீப்.
ஆறு மின்னி மின்னி
ஆறாகவே நின்றது.
அதன் அம்மாவையும் ஓசூரையும் சேர்த்துத் திட்டினேன்.
அந்த வேகத்தில் நாலு தந்திருந்தால்
இஞ்சின் சிதறியிருக்கும் என்பது
திட்டும்போதே எனக்குத் தெரியும்.

வளைவுக்கு அந்தப்பக்கம் ஒரு ஸ்கூட்டர்.
இரண்டு பக்கமும் ரப்பர்ப்பால் கேன்.
தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு
ஓரமாக நின்று பீடிக்குத் தீக்குச்சி உரசுகிறான்.
நனைந்த தீக்குச்சி. மறுபடி உரசுகிறான்.

மிதித்தேன். விடாமல் மிதித்தேன்.
நாற்பத்தியாறு, முப்பத்தொன்பது, முப்பத்திரண்டு.
மைனஸ்.
அஞ்சு என்றது.
மைனஸ்.
நாலு.
அடியில் எதுவோ பல்லைக் கடித்துப் பிடித்தது.
தடிகள் ஒருமுறை முன்னால் முட்டி அடங்கின.
காலை எடுத்தேன், வண்டி ஓடவில்லை.
ஸ்கூட்டர்க்காரனைத் தாண்டும்போது
பீடி பற்றிவிட்டது. அவன் நிமிரவேயில்லை.

ராத்திரி தாணுமாலையன் அண்ணன் போன்.
வண்டி செய்வதெல்லாம் அவர் போனில் விழும்.
'நாப்பது நிமிஷம் எம்-முல ஓட்டியிருக்கே, எதுக்குடே?'
'இறக்கம் அண்ணே.'
'ஆட்டோமேட்டிக்குக்குத்தானே அவ்வளவு ரூவா கொடுத்தேன்?'
'சரி அண்ணே' என்றேன்.

நாளைக்கும் கீரிப்பாறை லோடுதான்.
உச்சியில், இறக்கம் தொடங்கும் முன்னே,
வண்டி நடக்கிற வேகத்தில் இருக்கும்போதே
மூன்று கேட்டுவிடுவேன்.
அங்கே கேட்டால் பீப் வராது.

லீமா விளக்கை அணைத்த பிறகு
கட்டிலில் இடது கால் ஒருமுறை துடித்தது.
'என்னவாம்?' என்றாள்.
'கியர் மாத்துது' என்றேன்.